மாத்திரை ஒன்றுதான், உடம்பு வேறு

வணக்கம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் குளோபிடோக்ரெல் மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டென்ட் வைத்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தருவது. வாயில் போடும்போது அது இன்னும் மருந்தாக ஆகியிருக்காது. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்று ஒரு நொதி இருக்கிறது, முக்கியமாக அதுதான் இதை மருந்தாக மாற்றித் தருகிறது. அந்த நொதிக்கான மரபணு சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. அம்மாவிடமிருந்து வந்தது, அப்பாவிடமிருந்து வந்தது இரண்டுமே அப்படி அமைந்துவிட்டால், அவர் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பார், உள்ளே மருந்து போதிய அளவு உருவாகாது, அவருக்கும் தெரியாது, எழுதிக்கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. 2010-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்தின் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. இந்த நொதியை நம்பி இராத டிக்காகிரெலார் போன்ற மாற்று மருந்தும் உண்டு. இதைக் கேட்டுவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அதுதான் பெரிய ஆபத்து. டாக்டரிடம் கேளுங்கள்.

தனிநபருக்கேற்ற மருத்துவம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோமே, அது இதுதான். நோயின் பெயரோடு நின்றுவிடாமல், அது யார் உடம்பில் வந்திருக்கிறது என்றும் பார்ப்பது.

சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்வோம். பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வரும் குழந்தைகள் உண்டு, அபூர்வம்தான். இன்சுலின் ஊசி தவிர வேறு வழியில்லை என்று நினைத்திருந்தோம். 2004-ல் அவர்களில் பலருக்குக் கேசிஎன்ஜே11 என்ற மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. கணையத்தில் இன்சுலின் இருக்கிறது, ஆனால் அதை வெளியே விட வேண்டிய செல்லில் ஒரு பொட்டாசியம் வாசல் மூடாமல் திறந்தே கிடப்பதால் வெளியே வருவதில்லை. அந்த வாசலை மூடுகிற மாத்திரை, சல்ஃபோனைல்யூரியா, பல பத்தாண்டுகளாகப் பெரியவர்கள் சாப்பிட்டு வருவது! 2006-ல் வெளியான ஆய்வில் அந்த மாத்திரைக்கு மாறிப் பார்த்த 49 பேரில் 44 பேருக்கு இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை, சர்க்கரையும் முன்பைவிடக் கட்டுக்குள் வந்தது. தினமும் குழந்தைக்கு ஊசி குத்தும் ஒரு தாய்க்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, எல்லோரும் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். பெரியவர்களுக்கு வருகிற சாதாரண சர்க்கரை நோயில் நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வகிக்கின்றன. இடுப்பளவும் குடும்ப வரலாறும் ஒரு ரத்தப் பரிசோதனையும் சொல்வதைவிட அதிகமாக அந்த ரிப்போர்ட் இன்றைக்குச் சொல்லிவிடாது என்பது என் கருத்து.

ஆனால் குடும்ப வரலாறு என்று சொன்னேனே, அதைத்தான் நாம் அரைகுறையாகச் சொல்கிறோம். "அப்பாவுக்கு ஹார்ட் பிரச்சினை" என்றால் போதாது. எந்த வயதில் வந்தது? அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55-க்கு முன்னால், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டர் உங்களைப் பார்க்கும் விதமே மாறும். அதோடு எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பும் ரத்தப் பரிசோதனையில் 190-க்கு மேல் இருந்தால், அது சாப்பாட்டால் வந்ததாக இல்லாமல் பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம். அப்படி உறுதியானால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிள்ளைகளுக்கு அது சிறு வயதிலேயே தெரிந்தால், ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து கெட்டியாவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கிவிடலாம்.

அப்புறம், எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, என்ன ஆனது என்பதையும் எழுதி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் வயதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதை இன்றைக்கே செய்யலாம், அவர்களுக்கு நினைவிருக்கும்போதே.