ரவுட்டருக்குள் படிக்காமல் கிடந்த செய்திகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைக்கும்போதே உள்ளே ஒரே சத்தம். இன்டர்நெட் பில் வந்திருக்கிறது. மாதாமாதம் 499 ராண்ட் வரும் இடத்தில் 1,999. பழி முழுக்கப் பன்னிரண்டு வயதுப் பேரன் தலையில் விழுந்திருந்தது. "எந்நேரமும் கேம் ஆடுறான், அதான்" என்கிறார் பெரியம்மா. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இல்ல ஆயா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

நெட்வொர்க் வேலைதான் என் தொழில். கேம் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆன்லைனில் ஆடுவதற்குப் பெரும்பாலும் மணிக்குச் சில நூறு எம்பிக்கு மேல் போகாது. புதிதாக ஒரு கேமை இறக்கினால்தான் பல ஜிபி கரையும், அவன் எதையும் இறக்கவில்லை. எச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். ஆனால் அந்த வீட்டில் டிவியில் ஓடுவது டிஷ் சேனல்தான்.

சரி என்று எல்லோருடைய போனிலும் வைஃபையை அணைக்கச் சொன்னேன். டிவி பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினேன். ரவுட்டர் விளக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த முகவரியைப் பிரவுசரில் போட்டு உள்ளே போனேன். எந்தக் கருவி எவ்வளவு இழுத்திருக்கிறது என்று அந்த ரவுட்டர் பட்டியல் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது கேட்டில் மாட்டியிருக்கும் கேமரா.

தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்த பிறகு பெரியண்ணன் மாட்டியது அது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி இருந்ததை, யாரோ இடைவிடாமல் பதியும்படி மாற்றியிருக்கிறார்கள். பதிந்ததையெல்லாம் அது இன்டர்நெட் வழியாக ஏற்றிக்கொண்டே இருந்தது. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஏற்றினால் மணிக்கு 450 எம்பி, ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. நாம் ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே கணக்கில்தான் சேரும். பெரியம்மா வாங்கியிருந்தது மாதத்துக்கு 200 ஜிபி பேக்கேஜ், அதிலும் பாதி நள்ளிரவிலிருந்து காலை 7 மணி வரைக்கு மட்டும். மீதி 17 மணி நேரத்துக்கு உள்ள 100 ஜிபியை அந்தக் கேமரா தனியாகவே இரண்டு வாரத்துக்குள் தின்றுவிடும். கூடுதல் கட்டணத்துக்கு 1,500 ராண்ட் வரம்பு இருந்ததால் அதோடு நின்றது.

எனக்கு மனம் பொறுக்காத இடம் இனிமேல்தான் வருகிறது. பேக்கேஜ் தீருமுன் எச்சரிக்கை வரவேண்டாமா? வரவேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐகாசாவின், 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, டேட்டா 50, 80, 100 சதவீதம் தீரும்போது நிறுவனம் தெரிவிக்க வேண்டும். நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பேக்கேஜுக்கு மேல் கட்டணம் போடவும் கூடாது. ரவுட்டர் பக்கத்திலேயே எஸ்எம்எஸ் என்று ஒரு பகுதி இருந்தது. திறந்தால் எல்லா எச்சரிக்கையும் அங்கே வரிசையாக, யாரும் படிக்காமல். சிம் ரவுட்டருக்குள் இருக்கிறது, செய்தியும் அந்த எண்ணுக்கே போயிருக்கிறது! எழுபது வயதுப் பெண்மணி அதை எங்கே போய்ப் படிப்பார்? இப்படிச் சிம் போட்டு ஓடும் எல்டிஇ ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இன்றே நிறுவனத்தைக் கூப்பிட்டு, எச்சரிக்கையை உங்கள் கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. மின்வெட்டு நேரத்தில் போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தால், அது அதையும் வீட்டு வைஃபை போலவே நினைத்து விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கிவிடும். லேப்டாப்பின் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை மீட்டர்டு, அதாவது அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டியது, என்று குறித்து வையுங்கள், போதும்.

அன்றிரவே கேமராவைப் பழையபடி மாற்றினோம், வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றினோம். பெரியம்மா பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நெடுநேரம் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கூடுதல் கட்டணத்துக்கு எந்தத் தேதியில், எந்த வழியில் சம்மதம் வாங்கினீர்கள் என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. அவர்கள் தீர்க்காவிட்டால் அடுத்த கடிதம் ஐகாசாவுக்கு. அதற்கான பில்லையும் எஸ்எம்எஸ் படங்களையும் பேரனே ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறான்.