பேக்டு பாஸ்தா: ஒரு நாள் சமையல், ஒரு மாதம் ஃப்ரீசரில்

[காட்சி: அடுப்பில் கொதிக்கும் தண்ணீர், அதில் பென்னே பாஸ்தா]

வணக்கம். வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்து, ஒயிட் சாஸ் கிண்டி, பாஸ்தா வேக வைத்து, ஓடிஜி-யில் (சின்ன மின்சார ஓவனில்) வைத்து எடுப்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் லீவு நாளில் இரண்டு ட்ரே செய்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம். புதுச்சேரி, கடலூர் வெயிலுக்கும் அடிக்கடி போகிற கரண்டுக்கும் ஏற்றபடி எப்படிச் செய்வது என்று பார்க்கலாம்.

நாலு பேருக்கு 250 கிராம் பென்னே. பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால், 8 நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

[காட்சி: பாதியாக வெட்டிய பென்னே, மிக அருகில்]

நடுவில் வெள்ளையாக மெல்லிய கோடு தெரிகிறதா? பல்லில் லேசாகத் தட்டுப்படுகிறதா? அங்கேயே நிறுத்துங்கள். மீதி வேகல் ஓவனில் நடக்கும். முழுக்க வேக வைத்தால், மறுபடி சுடும்போது குழைந்துவிடும். வடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிரட்டி வையுங்கள்.

சாஸுக்கு 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, 750 மில்லி பால். மைதாவின் பச்சை வாசனை போகும்வரை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டுங்கள். மோர்க்குழம்பு பதத்தில் இருக்கட்டும். தண்ணியாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஆறும்போதும் ஓவனில் சூடாகும்போதும் பாஸ்தா சாஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கொழுப்பு எடுக்காத பாலாக இருந்தால் சாஸ் திரிவது குறையும்.

பாஸ்தாவையும் சாஸையும் கலந்துகொள்ளுங்கள். கூடச் சேர்க்க வேக வைத்த சிக்கன், வதக்கிய காளான், குடைமிளகாய் எல்லாம் சரி. உருளைக்கிழங்கு வேண்டாம், உறைந்து இளகினால் மாவு மாவாகிவிடும். இறாலும் வேண்டாம் என்பேன். இரண்டு முறை சூடானால் ரப்பராகிவிடும். கடலூர் முதுநகரில் அன்றைக்கு இறங்கிய இறாலை அன்றைக்கே சமைத்துவிடுவதுதான் நியாயம்.

இனி ஆற வைப்பது. இதில்தான் அதிக கவனம் வேண்டும். சமைத்த சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சமைக்கிற இடத்தில் 32 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் ஒரு மணி நேரம்தான். மே மாதம் நம் சமையலறை அதைத் தாண்டித்தான் இருக்கும். அதனால் ஆழமான பாத்திரத்தில் குவிக்காமல் அகலமான ட்ரேயில் பரப்பி, ஐஸ் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்து, மின்விசிறியைப் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே ஐஸாகி, பின்னால் தண்ணீர் விடும்.

[காட்சி: ட்ரேக்குள் விரித்த பட்டர் பேப்பர்]

இன்னொரு வழி சொல்கிறேன். ட்ரேயில் முதலில் பட்டர் பேப்பர் விரித்து அதன் மேல் பாஸ்தாவைப் பரப்பி உறைய வையுங்கள். கெட்டியானதும் அப்படியே தூக்கி, கிளிங் ஃபிலிமில் சுற்றி, அதன் மேல் ஃபாயில் சுற்றி, தேதி எழுதி வையுங்கள். ட்ரே அடுத்த வேலைக்குக் கிடைத்துவிடும். மேலே தூவும் சீஸைச் சுடும் நாளில் போட்டுக்கொள்ளலாம். ஆரோவில்லில் செய்யும் மொசரெல்லா கிடைத்தால் ரொம்ப நல்லது.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் இரண்டு, மூன்று மாதம் ருசி மாறாது. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் இளகி இருக்கிறதா? அப்படியானால் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

கரண்டு விஷயம். 2011-ல் தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல் புயல், இரண்டும் நம் கரையைத்தான் கடந்தன. நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் விட்டால் சுமார் 48 மணி நேரம் குளிர் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். சிறிய ஃப்ரீசர் இன்னும் குறைவாகத்தான் தாங்கும். கரண்டு வந்ததும் பாருங்கள். உள்ளே ஐஸ் துகள் இருந்தால் பயமில்லை. இளகி வெதுவெதுப்பாகி இருந்தால், மணம் நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

சாப்பிடும் நாளுக்கு முந்தின இரவே, கிளிங் ஃபிலிமை உரித்து, அதே ட்ரேயில் வைத்து மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கண்ணாடி ட்ரே என்றால், உறைந்தபடியே சூடான ஓவனில் வைக்கக் கூடாது, விரிசல் விடும். 180 டிகிரியில் ஃபாயில் மூடி அரை மணி நேரம், அப்புறம் சீஸ் தூவி மூடாமல் 15 நிமிடம். நடுவில் கத்தியைச் செருகி எடுத்தால் கத்தி நன்றாகச் சுட வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 74 டிகிரி. மீந்ததை மறுபடி உறைய வைக்காமல், ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள்.