சங்கிலி ஒருவனா, இருவரா?

சபையிலிருக்கும் பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இந்த மேசையில் இருக்கும் புத்தகத்துக்கு அட்டை இல்லை. இந்திய வாரப் பத்திரிகையில் வந்த சோழர்காலத் தொடர்கதை ஒன்றை என் அம்மம்மா வாராவாரம் கழற்றிச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்தது இது. ஓரங்களில் அங்கங்கே பென்சிலால் எழுதியிருக்கிறா: "இது நடந்ததோ?"

என்னைச் சரித்திரத்துக்குள் இழுத்தது இந்த இரண்டு சொல்தான்.

அதே கேள்வியை நான் யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னனிடம் கொண்டுபோனேன். சிறுவயதில் எனக்குத் தெரிந்த சங்கிலி ஒருவன்தான். மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொன்றவனும் அவனே, பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கேயரிடம், நாட்டைப் பறிகொடுத்தவனும் அவனே. யாழ்ப்பாண வைபவமாலை அப்படித்தான் சொல்கிறது. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், 1736 அளவில் எழுதியது. போர்த்துக்கேயர் குறிப்புகளோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. மன்னாரில் நடந்தது 1544இல். யாழ்ப்பாணம் விழுந்தது 1619இல். இடையில் 75 வருடம்! ஆக, சங்கிலிகள் இருவர்.

சரி, அதற்காகப் புலவரைத் தள்ளிவிடலாமா? நான் தள்ளமாட்டேன். ஊர் நூறு வருடத்துக்கு மேல் வாயில் வைத்திருந்த கதையை அவர் ஏட்டில் ஏற்றினார். சங்கிலியைக் காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தான் என்று இன்றும் நாங்கள் கதைக்கிறோமே, அது அவர் தந்தது.

கடைசிச் சங்கிலியின் முடிவை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பிடிபட்டவனைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்றான். தொன் பிலிப் என்று புதுப் பெயர். பிறகு மரண தண்டனை. சரித்திரப் புத்தகத்தில் இது சில வரிகள். அந்தப் புதுப் பெயரால் முதல்முறை கூப்பிட்டபோது அவன் திரும்பிப் பார்த்தானா? கடல்வழியில் நல்லூர் ஒழுங்கைகளை நினைத்தானா? அங்கே போகக்கூடியவர் நாவலாசிரியர்தான். தாராளமாகப் போகட்டும். அவனுக்கு ஒரு காதலியைக்கூடக் கொடுக்கட்டும். ஆனால் மன்னாரில் செத்தவர்களின் பழியைக் கதையின் வசதிக்காக இவன் தலையில் கட்டக்கூடாது. அதில் நான் பிடிவாதக்காரி.

பிள்ளைகள், கூட்டம் முடிந்ததும் அம்மம்மாவின் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தாள் நொறுங்குகிறது, மெதுவாகப் புரட்டுங்கள். பென்சில் எழுத்தும் மங்கிவிட்டது. யன்னலடிக்குக் கொண்டுபோனால் தெரியும்.