ஃப்ரீஸர் சாம்பாரும் ரத்தக்காட்டேரியும்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, இந்த மழையிலும் கிளம்பி வந்திருக்கும் சியாட்டில் தமிழர்களே, வணக்கம். எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

'ட்வைலைட் படத்தின் சுகம் பெரிதும் இருந்தது தியேட்டரிலா, வீட்டு டிவிடியிலா?' இது தலைப்பு. பள்ளிக்கூடப் பெண் பெல்லாவும் ரத்தக்காட்டேரிப் பையன் எட்வர்டும் காதலிக்கிற ஹாலிவுட் படம் அது. நான் டிவிடி அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் பெரிய திரை, இருட்டு, பிள்ளைகளின் கூச்சல், எட்வர்ட் வரும்போது விசில் என்று அடுக்கினார். எல்லாம் சரி. போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "டிவிடியில் படம் பார்ப்பது ஃப்ரீஸர் சாம்பாரைச் சூடு பண்ணிச் சாப்பிடுகிற மாதிரி." நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டியது என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

சார், உங்கள் வீட்டு ஃப்ரீஸர் எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் எடுத்துத் தரச் சொன்னார் உங்கள் மனைவி. வெனிலா டப்பாவைத் திறந்தேன், வத்தக்குழம்பு. சாக்லேட் டப்பாவைத் திறந்தேன், தக்காளித் தொக்கு. கடைசியில் ஐஸ்கிரீம் எங்கே இருந்தது தெரியுமா, இட்லி மாவு டப்பாவில்! இந்த அரங்கத்தில், ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து அதில் ஐஸ்கிரீமையே பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். ஒரு கை கூட இல்லை. சாம்பார் கூட்டணியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரைத் திட்டலாமா? வைத்த அன்றைக்கு அது வெறும் குழம்பு சார். புளியும் பருப்பும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தைக்கு வருவதே மறுநாள்தான்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். படம் தியேட்டருக்கு வந்தது 2008 நவம்பர் 21. டிவிடி வந்தது 2009 மார்ச் 21, சனிக்கிழமை. முதல் நாளே 30 லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நள்ளிரவு 12 மணிக்குத்தான் கடையில் கொடுப்பார்கள். என் மகளுக்கு வயது 14. தியேட்டரில் நாலு தடவை பார்த்தவள். அவளைத் தனியாக அனுப்ப முடியுமா? நைட்டிக்கு மேல் என் வீட்டுக்காரருடைய ஜெர்கினை மாட்டிக்கொண்டு போனேன். தூறல். வரிசை. எல்லாப் பெண்களும் முகத்தில் ஜிகினா தடவியிருக்கிறார்கள், ஏனென்றால் இந்தப் படத்துக் காட்டேரி வெயிலில் எரியாது, மின்னும். நானோ தூக்கம் இல்லாமல், கண் மை கன்னம் வரை வழிந்து, தலை விரிந்து நிற்கிறேன். முன்னால் நின்ற பெண் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேஷம் அருமை. நீங்கள் நல்ல காட்டேரியா, கெட்ட காட்டேரியா?" என்று கேட்டாள். நான் வேஷமே போடவில்லையம்மா! திரும்பவும் சொல்கிறேன் நடுவர் அவர்களே, வேஷமே போடவில்லை. என் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "வீட்டில் கெட்டது, வெளியில் நல்லது."

மறுநாள் சாயங்காலம் படம் போட்டோம். ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்த சமயம். மேகம் மூடியே இருக்கும், வெயில் படாது என்றுதான் அந்தக் காட்டேரிக் குடும்பம் நம் வாஷிங்டன் மாநிலத்து ஃபோர்க்ஸ் ஊருக்குக் குடிவந்ததாகக் கதை. (படம் பிடித்தது பெரும்பாலும் ஓரிகனில், அது வேறு.) அதே மேகத்தைத்தான், வடாம் போட முடியவில்லை என்று என் அம்மா தினமும் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த டிவிடியில் இயக்குநர் கேத்தரின் ஹார்ட்விக்கும் நாயகனும் நாயகியும் படத்தோடு கூடவே பேசிக்கொண்டு வருகிற வசதி உண்டு. எட்வர்டாக நடித்த ராபர்ட் பாட்டின்சன் தன்னையே கேலி பண்ணிக்கொள்வார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அம்மா இருந்தார்.

ஹோட்டலில் பெல்லா சாப்பிடுகிறாள், எட்வர்ட் தட்டைத் தொடவே இல்லை. "ஏண்டி, அந்தப் பையன் சனிக்கிழமை விரதமா?" இல்லை பாட்டி, அவங்க குடும்பமே சைவம், மிருக ரத்தம் மட்டும்தான் குடிப்பாங்க என்றாள் பேத்தி. "மான் ரத்தம் குடிக்கிறவன் சைவமா? அப்போ நான் யாரு?" அப்புறம் 1918 விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தபோது அவன் காட்டேரி ஆனான், அன்றிலிருந்து வயது 17 என்று தெரிந்ததும் அம்மா விரல் விட்டு எண்ணினார். "எங்க அப்பா பொறந்தது 1908. அவருக்கே ஏழு வயசு மூத்தவன்டி இவன்! பள்ளிக்கூடத்துல என்ன வேலை?"

தியேட்டரில் இதைப் பேசியிருந்தால் எங்கள் மூன்று பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்கள். எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

இன்னும் ஒரு நிமிடமா? தாருங்கள்.

படத்தில் பெல்லாவின் அப்பா சார்லி, அந்த ஊர் போலீஸ் தலைவர். மனைவி பிரிந்து போய் வருஷக்கணக்காகிறது. ஆபத்து அப்பாவைத் தொடரக் கூடாது என்பதற்காக மகள் வேண்டுமென்றே சண்டை போடுகிறாள். அம்மா மாதிரி நானும் இந்த ஊரில் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறாள். அவர் அப்படியே நிற்கிறார். நாலு தடவை பார்த்த என் மகளுக்கு அது எட்வர்ட் இல்லாத காட்சி, அவ்வளவுதான். அம்மா "நிறுத்து" என்றார். நிறுத்தினாள். டிவியில் சார்லியின் முகம் மட்டும்.

"அவ போயிட்டா. இந்த மனுஷன் ராத்திரி என்ன சாப்பிடுவாரு?"

நாங்கள் யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ ப்ளேன் ஏறின அன்னைக்கு உங்க அப்பா ரெண்டு நாள் சாப்பிடல." 16 வருஷமாக எனக்குத் தெரியாது. அப்பா போய்ச் சேர்ந்தே அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. என் மகள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் அம்மாவுக்குத் தங்கும் கெடு முடிந்தது. விமான நிலையத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பது மணி. யாருக்கும் பசி இல்லை. என் மகள்தான் ஃப்ரீஸரைத் திறந்தாள். உள்ளே 11 டப்பாக்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஐஸ்கிரீம் டப்பா, மேலே பிளாஸ்திரி ஒட்டி அம்மாவின் கோணல் எழுத்தில், 'இன்னைக்கு ராத்திரிக்கு'.

சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம், சார்.

நன்றி, வணக்கம்.