ஆறு கஜமும் ஒரு கத்தரியும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், கானாவின் தலைநகரான இந்த அக்ராவின் வெயிலையும் டிராஃபிக்கையும் தாண்டிப் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். "மேற்கு ஆப்பிரிக்க விசேஷத்துக்கு அழகு தருவது அச்சுத் துணியா, அளவெடுத்துத் தைக்கும் கையா?" என்பது தலைப்பு. கைதான் என்று பேச வந்திருக்கிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். நடுவர் ஐயா இன்று போட்டிருக்கிறாரே, பறவை போட்ட நீலச் சட்டை, அதை எல்லோரும் ஒருமுறை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் துணியின் பெருமையை அருமையாகச் சொன்னார். ஹாலந்தில் ஹெல்மாண்ட் என்ற ஊரில் 1846இல் தொடங்கிய விளிஸ்கோ கம்பெனி, மெழுகு வைத்துச் சாயம் போடும் ஜாவாவின் பத்திக் துணியைப் பார்த்து ஐரோப்பியர்கள் மெஷினில் அடித்த மெழுகு அச்சு, அது இந்தக் கடற்கரையில் இறங்கி இந்த மக்களின் துணியாகவே ஆகிப்போன கதை, எல்லாம் சொன்னார். இரண்டு பக்கமும் பிசின் அச்சு வைத்து நீலச் சாயத்தில் முக்கும்போது, பிசின் வெடித்த இடத்தில் சாயம் ஓடி நரம்பு நரம்பாகக் கோடு விழும், அதனால் ஒரு கஜம் போல இன்னொரு கஜம் இருக்காது என்றார். உண்மைதான். அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே நின்று நான் ட்ரோட்ரோவை, அதாவது இந்த ஊர் ஷேர் வேனை, தவறவிட்டிருக்கிறேன்.

"துணியே பேசும்" என்றும் சொன்னார். சிறகு விரித்த பறவை போட்ட துணிக்கு இங்கே 'பணத்துக்குச் சிறகு உண்டு' என்று பெயர். இன்னொன்றுக்கு 'நல்ல பாசிமணி சத்தம் போடாது' என்று பெயர். நம் நிறைகுடம் தளும்பாது மாதிரி. பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டில் கூண்டை விட்டுப் பறக்கும் பறவைத் துணி ஒன்று உண்டு. 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று அதற்குப் பெயர். கணவன் ராத்திரி ஊர் சுற்றினால் மனைவி வாயைத் திறக்க வேண்டாம், அதை உடுத்திக்கொண்டு எதிரே வந்து நின்றால் போதும்.

ஆனால் அண்ணா, இந்தப் பெயர்களைக் கம்பெனியா வைத்தது? கம்பெனி கொடுத்தது நம்பர். பெயர் வைத்தவர்கள் இங்கே விற்ற பெண்களும் உடுத்திய பெண்களும். சரி, பேச்சுக்கு அந்தத் துணி பேசும் என்றே வைத்துக்கொள்வோம். தையல் பிசகி அந்தப் பறவை முதுகில் தலைகீழாகப் பறந்தால் கணவனுக்கு என்ன சேதி போகும்?

சிரிக்காதீர்கள், எனக்கு நடந்தது. இங்கே வந்த முதல் வருடம், கணவரின் ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம். அசல் டச்சுத் துணியாகவே வாங்கினேன். 'ன்சு புரா' என்பார்கள், கிணற்று நீர். கல் விழுந்த தண்ணீர் போல வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளிகள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவரிடம் தைக்கக் கொடுத்தேன். யார், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். அவர் துணியை நாலாக மடித்தார், போன் பேசிக்கொண்டே வெட்டினார். வெள்ளிக்கிழமை ராத்திரி கைக்கு வந்தது. போட்டுக் கண்ணாடி முன்னால் திரும்பினால், பெரிய வட்டம் இரண்டு எங்கே வந்து உட்கார்ந்திருந்தன என்பதை இந்த மேடையில் நான் சொல்ல மாட்டேன். கணவர் மட்டும், "குறி பார்த்துச் சுடுவதற்கு வசதியாக இருக்கிறது" என்றார். மறுநாள் நான் புடவையில் போனேன். துணி அதே ஹெல்மாண்ட் துணிதான் அண்ணா. அது என்னைக் காப்பாற்றியதா?

அடுத்த தடவை என் வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஒரு தையல்காரம்மாவிடம் கூட்டிப்போனார். மரப்பலகை அடித்த சின்னக் கடை. சுவர் முழுக்க மாடல் படம் போட்ட காலண்டர்கள். இங்கே பெண்கள் விசேஷத்துக்குப் போடும் காபாவும் ஸ்லிட்டும் தைக்க வேண்டும் என்றேன். இடுப்புக்குக் கீழே விரியும் ரவிக்கை, கணுக்கால் வரை ஒட்டிய பாவாடை, மேலே போட்டுக்கொள்ள ஒரு தனித் துண்டு. அந்த அம்மா டேப்பை எடுக்கவே இல்லை. முதலில் கேள்வி கேட்டார். சர்ச்சுக்கா, ஆடவும் போகிறாயா? காரில் போகிறாயா, ட்ரோட்ரோவில் ஏறுவாயா? கையைத் தூக்கு என்றார். உட்கார் என்றார். கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்கிற மாதிரி குனி என்றார். அப்புறம்தான் டேப். தோளில் இருந்து மார்பு வரை தனி அளவு, மார்புக்குக் கீழே தனி அளவு, முதுகுக்கு ஒன்று. நோட்டில் இருபது நம்பராவது எழுதியிருப்பார். நம் ஊரில் அளவு ரவிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து பழகிய எனக்கு அது டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது.

பிறகு ஆறு கஜத்தையும் மடிக்காமல் முழுசாக விரித்தார். அரை மணி நேரம் வெட்டவே இல்லை. சாக்பீஸை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். எந்த வட்டம் தோளுக்கு, எது பாவாடையின் முன்பக்கம் நடுவில், எதை வெட்டி ஓரத்துக்குத் தள்ளலாம் என்று பார்க்கிறார். பக்கத்தையல் விழும் இடத்தில் இந்தத் துண்டின் அரை வட்டமும் அந்தத் துண்டின் அரை வட்டமும் சேர்ந்து முழு வட்டமாக வேண்டும். கரையில் கம்பெனி பெயர் அச்சடித்த நீளத் துண்டு வருமே, அதைக்கூட வீணாக்கவில்லை, பாவாடையின் அடியில் தெரியும்படி வைத்தார். பார்க்கிறவர்களுக்கு அசல் என்று தெரிய வேண்டுமாம். பக்கத்தையலில் உள்ளே ஒரு அங்குலம் விட்டார். "கிறிஸ்துமஸ் முடிந்து பிரித்துவிட வருவாய்" என்றார். போனேன்.

எதிரணி அக்கா எழுந்து, "நம் ஆறு கஜப் புடவைக்கு ஊசியே வேண்டாமே, துணிதானே அழகு?" என்று கேட்டார். கைதட்டும் வாங்கினார். அக்கா, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி ரவிக்கை வந்து சேராத கல்யாண வீட்டை நீங்கள் பார்த்ததே இல்லையா? காஞ்சிபுரம் பட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். மாமா மட்டும் பைக்கை எடுத்துக்கொண்டு தையல் கடை வாசலில் நிற்பார். செனகல் நாட்டு டக்கரிலும் அதே கதைதான். பக்ரீத்தை அங்கே தபாஸ்கி என்பார்கள், அதற்கு முந்தின ராத்திரி விடிய விடிய மெஷின் ஓடும். துணி வாங்கி எத்தனையோ நாள் ஆகியிருக்கும், ஆனாலும் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

அதே அக்கா, இங்கே மணப்பெண்ணுக்குத் தரும் சீரில் வெட்டாத துணிகள் இருக்கின்றன, கத்தரி பட்டால் மதிப்புப் போய்விடும் என்றார். வெட்டாத துணி சொத்துதான், மறுக்கவில்லை. நாம் லாக்கரில் தங்க பிஸ்கட் வைக்கிற மாதிரி. பிஸ்கட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு எந்த மணப்பெண்ணும் மேடையேறியது இல்லை.

துணியின் மதிப்பையும் கொஞ்சம் பார்ப்போம். பக்கத்து டோகோ நாட்டின் லோமேயில் 'நானா பென்ஸ்' என்று பெண் வியாபாரிகள் இருந்தார்கள். இந்தத் துணியை மொத்தமாக விற்றே மெர்சிடிஸ் பென்ஸ் வாங்கியவர்கள். இன்ன டிசைன் இன்னாருக்கு மட்டும் என்று உரிமை வைத்திருந்தார்கள். 1994 ஜனவரியில் அந்த ஊர்ப் பணமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பு பாதியாக விழுந்ததும் அந்த வியாபாரம் ஆட்டம் கண்டது. பின்னாலேயே சீனத்து நகல்கள் வந்தன. இன்று புது டிசைன் கடைக்கு வந்த கொஞ்ச நாளில் நகலும் பக்கத்துக் கடையில் தொங்குகிறது. பத்தடி தள்ளி நின்றால் எது அசல் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எது அளவெடுத்துத் தைத்தது என்று நூறு அடி தள்ளி நின்றாலும் தெரியும்.

நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் கலபாரி மக்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் நெய்து கப்பலேறிய மெட்ராஸ் கட்டம் போட்ட துணி என்றால் அவர்களுக்கு உயிர். ஆனால் அப்படியே உடுத்தமாட்டார்கள். பிளேடை வைத்துப் பெண்கள் துணியில் இருந்து நூலை ஒவ்வொன்றாக வெட்டி உருவுவார்கள். மெட்ராஸ் கட்டத்துக்குள் ஒரு புது வடிவம் கிளம்பும். பெலேத்தே பிதே என்று பெயர், வெட்டிய துணி. குடும்பச் சடங்குகளுக்கு உடுத்துவார்கள். இது தையலே இல்லையே என்று எதிரணி எழுந்துவிடும், தெரியும். கையா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கடைசியாக லாகோஸுக்கு வாருங்கள். அங்கே யொரூபா மக்களின் கல்யாணத்தில் 'அசோ எபி' என்று ஒரு வழக்கம். உறவும் நட்பும் ஒரே துணி எடுத்து உடுத்த வேண்டும். ஐம்பது பெண்கள், ஐம்பது பேருக்கும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே பூ. அழகு துணியில்தான் என்றால் ஐம்பது பேரும் ஒன்றுபோலத் தெரிய வேண்டுமே? மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். ஒருத்திக்குத் தோளில் மலர்ந்திருக்கிறது, ஒருத்திக்கு முழங்காலில் விரிகிறது, இன்னொருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையில் நிற்கிறாள். நிற்பவளிடம் கேட்டால் துணியைத் திட்டமாட்டாள். தையல்காரரைத்தான் திட்டுவாள். "கேட்டது இது, கிடைத்தது இது" என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இணையத்தில் சிரிக்கிறார்களே, அதில் ஒன்றிலாவது துணிக்கடைக்காரரைக் குறை சொல்லி இருக்கிறதா? பழி முழுக்கத் தையல்காரருக்கு என்றால் புகழும் அவருக்குத்தானே சேர வேண்டும்?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். முன் வரிசையில் இருப்பவர்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐயா சட்டைக்கு இடது பக்கம் ஒரு பாக்கெட் இருக்கிறது. எங்கே தொடங்குகிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம். தெரியவில்லை அல்லவா? பாக்கெட்டின் மேல் விளிம்பில் ஒரு பறவையின் சிறகு பாதி, சட்டையில் மீதி, நடுவில் ஒரு நூல் தப்பவில்லை. ஐயா, அந்தப் பாக்கெட்டில் பேனா இருந்தால் எடுத்துத் தீர்ப்பை எழுதுங்கள். வணக்கம்.