எதிர்க்கடைக்காரர் போட்ட மென்பொருள்

[காட்சி: கொழும்பு, புறக்கோட்டை, பழைய சோனகத் தெரு. காலை ஏழரை மணி. நாட்டாமிமார் இரும்புக் கம்பி ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.]

இந்த நேரத்தில் பழைய சோனகத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. ஆணி, கம்பி, பெயின்ட், பைப் என்று நாட்டின் பாதி ஹார்ட்வெயார் கடைகளுக்குச் சரக்கு இங்கிருந்துதான் போகிறதோ என்று தோன்றும். 2023இல் இங்கே ஒரு மொத்த வியாபாரியைப் பார்க்கப் போயிருந்தேன். கம்பனிகளுக்கு ஈஆர்பி மென்பொருள் பொருத்திக் கொடுப்பது என் வேலை. கணக்கு, களஞ்சியம், கொள்வனவு, விற்பனை, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் மென்பொருளுக்குத்தான் அந்தப் பெயர்.

முதலாளி என்னை இருக்கச் சொல்லி பிளேன்டீ வரவழைத்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"எதிர்க்கடைக்காரர் போன மாதம் போட்டிட்டார் தம்பி. எனக்கும் அதேதான் வேணும்."

"அவருக்கு அது நல்லா வேலை செய்யுதா ஐயா?"

"அது தெரியாது. ஆனா நாங்கள் இன்னும் கொப்பியோட இருந்தால் பாங்க்காரர் என்ன நினைப்பினம்?"

இந்தக் கடைசிப் பதிலைச் சிரித்துவிட்டு விட்டுவிட முடியாது. கோட்டையில் கண்ணாடிக் கட்டடங்களில் நடக்கும் பணிப்பாளர் சபைக் கூட்டங்களிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். சொற்கள்தான் கொஞ்சம் மினுக்கமாக இருக்கும்.

[திரையில்: 1983]

போல் டிமாஜியோ, வோல்டர் பவல் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே துறையில் இருக்கும் நிறுவனங்கள் காலம் போகப் போக ஏன் ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிடுகின்றன என்பது அவர்களுடைய கேள்வி. மேலிருந்து வரும் கட்டாயம் ஒரு காரணம். வரி அலுவலகம் கேட்கிறது, வெளிநாட்டுக் கொள்வனவாளர் கேட்கிறார், அதனால் செய்கிறோம். ஒரே படிப்பைப் படித்து வந்தவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முடிவெடுப்பது இன்னொரு காரணம். இங்கே நான் அதிகம் பேச விரும்புவது மூன்றாவதைப் பற்றி: நிச்சயமின்மை. எது நல்லது என்று தெரியாத, தொழில்நுட்பமும் சரியாக விளங்காத நேரத்தில், ஒரு நிறுவனம் தன்னைவிட வெற்றிகரமாகத் தெரியும் இன்னொன்றைப் பார்த்துச் செய்யும்.

ஈஆர்பி வாங்குவது அப்படியான நேரம்தான். பைப் வாங்கினால் வெட்டிப் பார்க்கலாம். மென்பொருளை அப்படிப் பார்க்க முடியாது. விற்க வந்தவர் காட்டும் மாதிரியில் எல்லாம் ஓடும். உங்களுடைய சரக்கு, உங்களுடைய ஆட்கள், உங்களுடைய மாத முடிவுக் கணக்கு உள்ளே போன பிறகுதான் உண்மை தெரியும். அதற்குள் காசு கட்டி முடித்திருப்பீர்கள்.

[காட்சி: வரைபடம். வெள்ளவத்தை, காலி வீதி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள்.]

பார்த்துச் செய்வது எப்படி எல்லாரையும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்கு, பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி 1992இல் இரண்டு சாப்பாட்டுக் கடைகளை உதாரணம் காட்டினார். அதை வெள்ளவத்தைக்குக் கொண்டுவருவோம். முதலாவது கடைக்கு ஊரில் மயிரிழை அளவு நல்ல பெயர் கூட. உண்மையில் நல்லது இரண்டாவது கடை. நூறு பேர் சாப்பிட வருகிறார்கள். அதில் 99 பேர் காதில் "இரண்டாவதுக்குப் போ" என்ற தகவல் விழுந்திருக்கிறது. ஒரேயொருவருக்கு மட்டும் யாரோ "முதலாவதுக்குப் போ" என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒருவர்தான் முதலில் வந்து சேர்கிறார். முதலாவது கடைக்குள் போகிறார்.

அடுத்து வருபவர் அதைப் பார்க்கிறார். தன் காதில் விழுந்தது ஒன்று, முன்னால் போனவருக்குத் தெரிந்தது வேறொன்று. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. மிஞ்சுவது அந்த மயிரிழை நல்ல பெயர். அவரும் முதலாவது கடைக்குள் போகிறார். மூன்றாமவருக்கு இரண்டாமவரின் மனத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. உள்ளே ஆட்கள் இருப்பது மட்டும் தெரியும். இப்படியே நூறு பேரும் முதலாவது கடையில். பக்கத்துக் கடையில் இலையான் ஓட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

ஒருவரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது. கையில் இருந்ததை வைத்து ஒவ்வொருவரும் சரியாகத்தான் யோசித்தார்கள். 99 பேருக்குத் தெரிந்தது மட்டும் வெளியே வராமலே போய்விட்டது.

[காட்சி: குத்துவிளக்கு ஏற்றி மென்பொருளைத் தொடக்கி வைக்கும் விழா. பிறகு, களஞ்சியத்தின் பின்பக்கம்.]

எங்களுடைய தொழிலில் வெளியே தெரிவது இந்த விழா. ஒப்பந்தத்தில் கையெழுத்து, பத்திரிகையில் படம், வாசலில் பதாகை. தெரியாதது களஞ்சியத்தில் நடக்கிறது. நான் போன ஓர் இடத்தில் ஒரே அரை இஞ்சிப் பைப் மூன்று பெயர்களில் பதிவாகி இருந்தது: "பைப் அரை", "அரை இஞ்சி பிவிசி", "பிவிசி வெள்ளை அரை". மென்பொருளைப் பொறுத்தவரை அவை மூன்று வேறு பொருட்கள். ஒன்றில் கையிருப்பு 400, ஒன்றில் பூச்சியம், ஒன்றில் கழித்தல் 62. கழித்தல் 62 பைப்பை யாரும் கண்ணால் கண்டது கிடையாது. ஆனால் அந்தத் திரையைப் பார்த்து ஒருவர் புதிதாக ஆடர் போட்டுவிட்டார். அந்தக் கம்பனியின் விழாப் படத்தைப் பார்த்து இன்னும் இரண்டு கம்பனிகள் அதையே வாங்கின.

கொழும்பு இந்த விஷயத்தில் சின்ன ஊர். கணக்காளர்கள் ஒரே வகுப்புகளில் படித்தவர்கள். விற்பனைப் பிரதிநிதி காலையில் உங்களிடமும் மத்தியானம் உங்கள் போட்டியாளரிடமும் இருப்பார். "அவங்களுக்கும் நாங்கள்தான் போட்டோம்" என்ற ஒரு வசனம் நூறு பக்கப் பிரசுரத்தைவிட அதிகம் விற்கும். இதில் ஒரு நன்மையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எல்லாரும் ஒரே மென்பொருளைப் பாவித்தால் அதைத் தெரிந்த ஆட்கள் கிடைப்பார்கள். உங்கள் ஆள் விலகினால் அடுத்த கிழமையே வேறொருவரை எடுக்கலாம். யாரும் கேள்விப்படாத மென்பொருளை வாங்கிவிட்டு, அது தெரிந்த ஒரே பொடியன் கனடா போனதும் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களையும் எனக்குத் தெரியும்.

ஆனால் எதைப் பார்த்து எடுக்கிறோம் என்பது முக்கியம். மென்பொருளுக்குள்ளேயே வேறொருவரின் பழக்கம் ஊறிக் கிடக்கிறது. ஈஆர்பி மென்பொருள் செய்யும் எஸ்ஏபி நிறுவனத்தை 1972இல் ஐபிஎம் என்ற கணினிக் கம்பனியை விட்டு வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் ஐசிஐ என்ற இரசாயனக் கம்பனியின் ஒரு நைலோன் தொழிற்சாலை. அதிலிருந்து படிப்படியாக ஆயிரக்கணக்கான கம்பனிகளின் வேலைமுறைகள் சேர்ந்துதான் இன்று "சிறந்த நடைமுறை" என்ற பெயரில் எங்கள் மேசைக்கு வருகின்றன.

அது பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? லிட்ல் என்ற ஜெர்மன் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் எஸ்ஏபியை வைத்து 2011இல் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. லிட்ல் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும் நிறுவனம். மென்பொருள் விற்கும் விலையில் மதிப்பிடுவதற்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தது. பழக்கத்தை மாற்ற மனம் வரவில்லை. மென்பொருளை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். 2018இல் எல்லாவற்றையும் கைவிட்டார்கள். அதுவரை போன பணம் ஏறத்தாழ 500 மில்லியன் யூரோ என்று செய்திகள் வந்தன. எஸ்ஏபியின் சொந்த நாட்டில், அதன் பக்கத்து ஊர் மாதிரியான தூரத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு இந்த நிலை.

[திரையில்: டொலர், ரூபா]

எங்களுக்கு இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. அதை 2022இல்தான் பலர் உணர்ந்தார்கள். வெளிநாட்டு மென்பொருளின் வருடக் கட்டணம் பெரும்பாலும் டொலரில். ஆடை ஏற்றுமதி செய்யும் கம்பனிக்கு வருமானமும் டொலரில் வருகிறது. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும். அதைப் பார்த்து உள்ளூர் விநியோகக் கம்பனியும் அதே மென்பொருளை வாங்குகிறது. அதன் வருமானம் முழுவதும் ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மென்பொருளில் ஒரு பொத்தான்கூடக் கூடவில்லை, கட்டணம் மட்டும் ரூபாவில் முக்கால் பங்கு ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் கட்டணத்தைக் குறைக்கப் பாவனையாளர் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஒரு கடவுச்சொல்லை ஆறு பேர் பகிர்ந்துகொண்டார்கள். யார் எதை அழித்தார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அலுவலகப் பிள்ளைகள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனவருத்தம்தான்.

[காட்சி: மீண்டும் பழைய சோனகத் தெரு.]

முதலாளியிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். எதிர்க்கடை முதலாளியிடம் விசாரிக்க வேண்டாம். பெரிய தொகை கொடுத்தவர் நல்லது என்றுதான் சொல்லுவார். அங்கே களஞ்சியம் பார்க்கிறவரிடம் விசாரியுங்கள் என்றேன். தெருவில் எல்லாரும் எல்லாருக்கும் பழக்கம். மத்தியானம் தேநீர்க் கடையில் இவருடைய ஆள் அவரைப் பிடித்தார்.

அவர் ஒளிக்கவில்லை. மேசை லாச்சிக்குள் ஒரு சிஆர் கொப்பி வைத்திருக்கிறாராம். சரக்கு முதலில் கொப்பியில் ஏறும், இரவு ஏழு மணிக்குப் பிறகு மென்பொருளில் ஏறும். ஏன்? ஆணி பெட்டியில் வருகிறது, கிலோவில் விற்கிறது. ஒரு பெட்டி எத்தனை கிலோ என்று யாரும் மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கம்பி டன்னில் வருகிறது, துண்டில் விற்கிறது. அதற்கும் அதே கதை.

முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மேலே போய் எங்களுடைய கொப்பிகளைக் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கிழமை கையெழுத்துப் போட இருந்த ஒப்பந்தம் லாச்சிக்குள் போனது. நானும் அவருடைய மகளும் இரண்டு நாட்டாமிமாரும் தராசை நடுவில் வைத்து, இரண்டு இஞ்சி ஆணிப் பெட்டியில் இருந்து நிறுக்கத் தொடங்கினோம்.