ஜூலை ஒன்றாம் தேதிக்கு யாரும் கூட்டம் போடுவதில்லை

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கரண்ட் பில்லைப் பற்றிப் பேச்சு என்றதும் நாற்காலி பற்றாமல் போயிருக்கிறது, கொசு ஒழிப்புக் கூட்டத்துக்கு இதில் பாதி பேர்கூட வரவில்லை என்று செயலாளர் இப்போதுதான் குறைபட்டுக்கொண்டார். வந்தது நல்லது. நான் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் ஒன்பது மணிக்கு இந்த ஹாலைப் பூட்டிவிடுவார்களாம்.

பில் வந்த அன்று நமக்குக் கோபம் வருகிறது. வாட்ஸ்அப்பில் படம் போடுகிறோம், அரசாங்கத்தைத் திட்டுகிறோம், அப்புறம் ஜிபேயில் கட்டிவிடுகிறோம். ஆனால் அந்தக் கட்டணம் முடிவான நாள் வேறு, அன்றைக்கு நாம் யாரும் அங்கே இல்லை.

மின்வாரியம் தானாகவே கட்டணத்தை ஏற்றிவிட முடியாது. 2003ஆம் வருட மின்சாரச் சட்டத்தில் 64ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாரியம், கட்டணத்தை முடிவு செய்கிற மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுப் போட வேண்டும், மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும், பொதுமக்கள் சொல்கிற ஆலோசனை, ஆட்சேபணை எல்லாவற்றையும் ஆணையம் பரிசீலித்த பிறகே, 120 நாளுக்குள், உத்தரவு போட வேண்டும். மனுவை ஏற்கலாம், மாற்றி ஏற்கலாம், நிராகரிக்கவும் செய்யலாம். ஆக, நம் பேச்சைக் கேட்பது அவர்கள் நமக்குக் காட்டுகிற பெருந்தன்மை இல்லை, சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலை.

நம் தமிழ்நாட்டில் கட்டணத்துக்காகக் கடைசியாக நடந்த பெரிய கருத்துக் கேட்பு 2022இல். அதற்கு முன் கட்டணம் மாறியது 2014 டிசம்பரில். நடுவே ஏழு வருஷத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. அந்த மௌனத்தை அப்போது எல்லாரும் ரசித்தோம், உண்மையில் வாரியத்தின் கடன்தான் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2022 ஜூலை 18 அன்று டான்ஜெட்கோ, அதாவது நம் மின்வாரியம், மனுப் போட்டது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆணையத்தில் சட்ட உறுப்பினர் இல்லை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் ஒரு வழக்கும் போய்த் திரும்பியது. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம். சட்டம் 120 நாள் கொடுக்கிறது, இங்கே இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எட்டுக் கோடி பேர் வாழ்கிற மாநிலத்துக்கு மூன்று கூட்டம். ராமநாதபுரத்துக்காரர் மதுரைக்கு வரலாம், நாகப்பட்டினத்துக்காரர் எந்தப் பக்கம் போவார்?

அப்போதும் ஹால் நிரம்பத்தான் செய்தது. கேட்ட கட்டணத்தைப் பெரும்பாலும் அப்படியே கொடுத்துவிட்டார்கள் என்பதும் உண்மை. "அப்புறம் எதற்குச் சார் போய்ப் பேச வேண்டும்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். கேளுங்கள், நியாயமான கேள்வி. பேசுவது எப்படி என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஒருவர் மைக்கைப் பிடித்து "ஏழைகள் எப்படி வாழ்வார்கள், இது அநியாயம்" என்று ஐந்து நிமிஷம் பேசினால், கைதட்டல் கிடைக்கும். உத்தரவில் அதற்கு ஒரு வரி: கட்டண உயர்வுக்குப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வளவுதான். அதையே கணக்காகச் சொன்னால் வாரியம் பதில் சொல்ல வேண்டியிருக்கும், ஆணையம் தன் கருத்தை எழுத வேண்டியிருக்கும். பிற்பாடு யாராவது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்தப் பதிவுதான் கையில் இருக்கும்.

என்ன கணக்கு என்கிறீர்களா? இதோ, நம் எல்லார் வீட்டுக் கணக்குதான். 2022 உத்தரவில் வந்த விலையையே வைத்துக்கொள்வோம், 2024இல் கொஞ்சம் ஏறியிருக்கிறது, கணக்கின் போக்கு மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால், முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 வீதம் 225, அடுத்த 200க்கு 4.50 வீதம் 900, கடைசி 100க்கு 6 ரூபாய் வீதம் 600. மொத்தம் 1,725. சரி, ஒரே ஒரு யூனிட் கூட, 501. உடனே அந்த 2.25 சலுகை காணாமல் போகிறது, 101 முதல் 400 வரை முழுக்க 4.50 ஆகிவிடுகிறது. 1,350, அதோடு 600, அந்த ஒரு யூனிட்டுக்கு 8. மொத்தம் 1,958. கூடுதலாக எரிந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இப்போது ரீடிங் எடுக்கிறவர் நாலு நாள் தள்ளி வருகிறார் என்று வையுங்கள். அவர் மேல் தப்பு இல்லை, ஆள் பற்றாக்குறை, ஒருவர் பல தெருவைப் பார்க்கிறார். நாளுக்கு 8 யூனிட் எரிக்கிற வீடு. 60 நாளில் எடுத்திருந்தால் 480 யூனிட், பில் 1,605. 64ஆம் நாள் எடுத்ததால் 512 யூனிட், பில் 2,046. அடுத்த தடவை 56 நாள்தானே வரும், சரியாகிவிடும் என்பார்கள். போட்டுப் பாருங்கள்: 448 யூனிட், 1,413. இரண்டு பில்லையும் கூட்டினால் 3,459. சரியான நாளில் எடுத்திருந்தால் இரண்டும் சேர்த்து 3,210. அந்த வீட்டில் ஒரு ஃபேன்கூட அதிகமாக ஓடவில்லை, 249 ரூபாய் போயிற்று.

இதை வைத்துக்கொண்டு "அறுபது நாளைத் தாண்டி ரீடிங் எடுத்தால் ஸ்லாபையும், அதாவது விலை மாறுகிற யூனிட் வரம்பையும், அதே விகிதத்தில் நீட்டுங்கள், 64 நாளுக்கு 500க்குப் பதில் 533 என்று வையுங்கள்" என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். இதைப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர் என்று ஒரு வரியில் ஆணையம் தள்ளிவிட முடியாது, முடியும் என்றோ முடியாது என்றோ காரணத்தோடு சொல்ல வேண்டும். மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்பது 2021 தேர்தல் வாக்குறுதியாகவே வந்தது, அது எங்கே என்றும் கூடவே கேட்கலாம்.

கணக்கோடு பேசியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், சிறுதொழில்காரர்களைப் பாருங்கள். கிலோவாட்டுக்கு 35 ரூபாய் நிலைக் கட்டணமாக இருந்தது 150 ஆனபோது, 112 கிலோவாட் இணைப்பு வைத்திருக்கிற பட்டறை மாதம் 3,920 கட்டிய இடத்தில் 16,800 கட்ட வேண்டியிருந்தது. மெஷின் ஓடினாலும் சரி, ஆர்டர் இல்லாமல் சும்மா நின்றாலும் சரி. இந்தக் கணக்கைத்தான் அவர்கள் போகிற இடமெல்லாம் சொன்னார்கள், 2023 செப்டம்பர் 25 அன்று ஒரு நாள் கதவடைப்பும் செய்தார்கள். முழுதாக ஜெயிக்கவில்லை, சில சலுகைகள் வந்தன. அடுக்குமாடிப் பொது இணைப்பும் அப்படித்தான். மாடிப்படி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் யூனிட் 8 ரூபாய் என்று வைத்ததை, 2023 அக்டோபரில் லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு 5.50 ஆகக் குறைத்தார்கள். நம் தெருவிலேயே அதில் பலன் அடைந்தவர்கள் இருக்கிறீர்கள்.

என்னை உறுத்துகிற விஷயம் இனிமேல்தான். அந்த 2022 உத்தரவு ஒரு வருஷத்துக்கு மட்டும் இல்லை, 2026-27 வரைக்கும் ஐந்து வருஷத்துக்கு. ஒவ்வொரு ஜூலை ஒன்றாம் தேதியும் விலைவாசிக் குறியீடு ஏறிய அளவு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அது, தானாக ஏறும். 2023இல் 2.18 சதவீதம், 2024இல் 4.83, 2025இல் 3.16. இந்த ஏற்றத்துக்கெல்லாம் கேட்புக் கூட்டம் கிடையாது, ஏனென்றால் "2022இலேயே கேட்டுவிட்டோமே" என்பது பதில். 2023லும் 2025லும் வீடுகளுக்கு ஏற்றவில்லை, அரசே ஏற்றுக்கொண்டது. அரசு ஏற்றுக்கொண்டால் அது நம் வரிப்பணம், அது தனிக் கதை. 2024இல் வீடுகளுக்கும் ஏறியது, எத்தனை பேர் கவனித்தீர்கள்? விலைவாசி ஏறியதால் கட்டணம் ஏறுகிறது என்றால், மின்இழப்பு எவ்வளவு குறைந்தது, வெளிச்சந்தையில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. திறமையாக நடத்தினாலும் அதே ஏற்றம், நடத்தாவிட்டாலும் அதே ஏற்றம்.

அதனால் அடுத்த பல வருஷக் கட்டணத்துக்கான மனு எப்போது வந்தாலும், எத்தனை ரூபாய் ஏற்றுகிறார்கள் என்பதோடு நிற்காதீர்கள், வருடாவருடம் தானாக ஏறும் என்கிற பத்தி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் ஆட்சேபணை அதற்குத்தான்.

சரி, மணி எட்டே முக்கால். இன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்க் கடைசி இரண்டு வருஷ பில்களில் ரீடிங் தேதியையும் யூனிட்டையும் ஒரு தாளில் எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் செயலாளரிடம் கொடுங்கள். பேர், சர்வீஸ் நம்பர் எதுவும் வேண்டாம். எந்தெந்த பில் அறுபது நாளைத் தாண்டியிருக்கிறது, அதில் எத்தனை 500ஐத் தாண்டியிருக்கிறது என்று அட்டவணை போட்டு, சங்கத்தின் பேரில் வைத்துக்கொள்வோம். பின்வரிசை சார், உங்களுக்கு எக்செல் தெரியும் என்று சொன்னார்கள், நீங்கள் கொஞ்சம் இருங்கள்.